புதியவர்கள் ஆடக்கூடிய கான்ட்ரா எழுதுவது

கூடத்தில் பாதிப் பேர் முதல்முறை வந்தவர்கள் என்றால், கான்ட்ரா நடனம் (நீள வரிசைகளில் ஜோடிகள் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஜோடியோடு ஆடும் நாட்டார் ஆட்டம்) எழுதுகிறவர்கள் வழக்கத்துக்கு மாறான அசைவைத் தொடத் தயங்குவார்கள். தயக்கம் தேவையில்லை. புதியவருக்கு எல்லா அசைவும் புதிதுதான். அவர் தடுமாறுவது பெரும்பாலும் ஓர் அசைவிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்த நொடியில்தான்: பிடிக்கக் கை இல்லை, எதிரே யார் வரவேண்டும் என்று தெரியவில்லை.

பெட்ரோனெல்லாவை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்கு வந்த பழைய ஆட்டத்தின் சுழற்சி அது. நால்வர் கைகோத்து வட்டமாக நின்று 4 கவுண்ட், அதாவது நான்கு தாள அடிக்கு, பேலன்ஸ் செய்வார்கள்: முன்னே அடி வைத்துப் பின்னே வருவது. அடுத்த 4 கவுண்டில் கையை விட்டு, வலப்பக்கத்தவர் நின்ற இடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியபடி போவார்கள். நால்வருக்கும் ஒரே வேலை; முடிந்ததும் மறுபடி கைகோக்கலாம். ஆனால் பாதிப் பேர் நின்ற இடத்திலேயே சுற்றுவார்கள், சிலர் இடப்பக்கம் போவார்கள். அதனால் முதலில் சுற்றாமல் வலப்பக்க இடத்துக்கு நடக்க மட்டும் சொல்லவேண்டும். அது பழகியபின் "வலது தோள் பின்னால் போகட்டும்" என்றால் சுழற்சி தானாக வந்துவிடும். பழகியவர்கள் சுழலும்போது இருமுறை கைதட்டுவார்கள். அதைச் சொல்லித்தரவே வேண்டாம்; கேட்டு ஒட்டிக்கொள்ளும்.

இதை எங்கே வைப்பது என்பதுதான் எழுதுகிறவரின் வேலை. இசை 64 கவுண்ட், நான்கு பகுதி. ஒவ்வொரு நால்வர் குழுவிலும் இசைக்குழுவுக்கு அருகே நிற்கும் முதல் ஜோடி பக்கம் மாறி நிற்பது இம்ப்ராப்பர் வரிசை. அதில் இப்படி எழுதலாம்: முதல் 16-ல் குழுவின் மற்ற ஜோடியில் பக்கத்தில் நிற்பவரோடு, அதாவது நெய்பரோடு, பேலன்ஸும் ஸ்விங்கும் (இருவர் பிடித்துக்கொண்டு சுழல்வது). இரண்டாவதில் வட்டமாக இடப்பக்கம் முக்கால் சுற்று, பிறகு சொந்த இணையோடு ஸ்விங். மூன்றாவதில் நீள வரிசைகள் முன்னே போய்ப் பின்னே வரும், அடுத்து நால்வரும் நடுவே இடக்கை கோத்து ஒரு முழுச் சுற்று நடக்கும் ஸ்டார். கடைசி 16-ல் பேலன்ஸ், பெட்ரோனெல்லா, மறுபடி பேலன்ஸ். பிறகு நெய்பரை நோக்கித் திரும்பி, அவரை வலது தோள் பக்கமாகக் கடந்து அடுத்த நெய்பரிடம்.

இடக்கை ஸ்டாரை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறது. அது சுற்றும் திசையிலேயேதான் பெட்ரோனெல்லாவும் நகரும். கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்ப் பழகியிருக்கும். வலக்கை ஸ்டார் போட்டால் திசை எதிராகிவிடும், இடப்பக்கம் போகிறவர்கள் கூடுவார்கள். முக்கால் வட்டத்தை 6 கவுண்டில் முடிக்கலாம், 8 கொடுத்திருக்கிறது. பிந்தியவர் அங்கே ஈடுகட்டலாம், ஸ்விங்கையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இதே கூட்டத்துக்குக் கான்ட்ரா கார்னர்ஸ் வேண்டாம். 16 கவுண்டில் முதல் ஜோடி ஒருவர் மாற்றி ஒருவராகக் கையைத் தேடிப் பிடிக்கவேண்டும், அதில் ஒருவர் அடுத்த நால்வர் குழுவில் நிற்பவர். ஒரு கை தவறினால் மீதி எல்லாம் போய்விடும்.

எழுதியதை மேசைமேல் நான்கு நாணயங்களை வைத்து நகர்த்திப் பார்க்கலாம்: ஜோடிக்கு ஒரு வகை நாணயம், ஜோடியில் இடப்பக்கம் நிற்கும் லார்க்குக்குத் தலை, வலப்பக்கம் நிற்கும் ராபினுக்குப் பூ. முடிவில் முதல் ஜோடி கீழேயும் இரண்டாம் ஜோடி மேலேயும், அதாவது இசைக்குழுப் பக்கமும், வந்திருக்கவேண்டும். வரிசையின் கோடியில் வெளியே நிற்கும் ஜோடியையும் மறக்கக்கூடாது. இந்த ஆட்டத்தில் அவர்கள் தங்களுக்குள் இடம் மாற்றி உள்ளே திரும்பி நின்று, ஒரு சுற்றுக் காத்திருந்தால் போதும்.