ஐ.வி.எஃப். கைகூடவில்லையா? அடுத்த முடிவுக்கு முன் ஃபைலைப் படியுங்கள்

ஐ.வி.எஃப்., அதாவது டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சையில், கர்ப்பம் நின்றதா என்று பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியவை குறைவுதான். புரொஜெஸ்டிரோன் மாத்திரையையும் ஊசியையும் மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். வீட்டுக் கிட்டில் ஒற்றைக் கோடு தெரிந்தது என்று நீங்களாக முன்கூட்டியே நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், பீரியட்ஸ் வரும். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போகலாம். பீட்டா முழு நெகட்டிவாக இல்லாமல் குறைந்த அளவில் நின்று, 48 மணி நேரம் கழித்தும் சரியாக ஏறவில்லை என்றால் அது வேறு விஷயம். எண் முழுவதும் இறங்கும்வரை ரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும். அந்த நேரத்தில் ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே டியூபில், அதாவது கருக்குழாயில், தங்கியிருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

அடுத்து வருவது மருத்துவமனையிலிருந்து ஃபோன். "மனசு தளராதீங்க, அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம், பேக்கேஜில் குறைச்சுத் தர்றோம்." உறைய வைத்த கரு இருந்தால், ஒரு பீரியட்ஸ் முடிந்து அடுத்த சுழற்சியிலேயே வைக்க முடியும் என்பது உண்மைதான். மூன்று மாதம் கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் ஃபைலைப் பார்க்காமல் பணம் கட்டுவதற்கு எந்த அவசரமும் இல்லை. 38 வயதைத் தாண்டியவர்கள், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். அளவு ரத்தத்தில் குறைவாக உள்ளவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கும் இரண்டு வாரம் நஷ்டமில்லை.

ஃபைல் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்ல. தினசரி ஊசி அளவும் ஸ்கேனில் முட்டைப்பைகளின் அளவும் எழுதிய தாள், கருவை வளர்த்த எம்ப்ரியாலஜி லேப் தாள், கரு வைத்த அன்றைய குறிப்பு, உறைய வைத்தவற்றின் பட்டியல் எல்லாம் வேண்டும். எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. வாய்ப்பேச்சில் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடிப்பவர்கள், லேப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது கஷ்டம்.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது? ஓர் உதாரணம். பெண்ணுக்கு வயது 34. எடுத்த முட்டை 11. அதில் முதிர்ந்தவை, லேப் பாஷையில் எம்2, 9. இக்ஸி, அதாவது விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை, செய்து கருவானவை 7. மூன்றாம் நாளில் நன்றாகப் பிரிந்தவை 6. ஐந்தாம் நாளில் மிஞ்சிய கரு (பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள்) 1, தரம் 3பிசி. அதை வைத்தார்கள், நெகட்டிவ். சம்மரியில் "காரணம் தெரியாத இம்ப்ளாண்டேஷன் ஃபெய்லியர்", அதாவது கரு ஒட்டவில்லை, என்று எழுதியிருக்கும். அடுத்த யோசனை கர்ப்பப்பைக்கு ஏகப்பட்ட டெஸ்ட் என்று வரும்.

ஆனால் தாள் சொல்வது வேறு. 11-லிருந்து 9, 9-லிருந்து 7 என்று குறைவது எல்லோருக்கும் நடப்பது. கருவானவற்றில் ஏறக்குறைய பாதி ஐந்தாம் நாளைத் தொட வேண்டும். இங்கே குறைந்தது மூன்று மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. சறுக்கல் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில். முதல் மூன்று நாள் கரு பெரும்பாலும் முட்டையின் சேமிப்பில் ஓடுகிறது. அதன் பிறகுதான் கருவின் சொந்த மரபணுக்கள், அதாவது தகப்பன் பங்கும் சேர்ந்து, வேலையைக் கையில் எடுக்கின்றன. ஆகவே விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு, முட்டையின் தரம், லேபின் வளர்ப்புச் சூழல் ஆகிய மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். 3பிசி-யில் எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் காட்டும். முதல் எழுத்து குழந்தையாகும் பகுதி, இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாகும் பகுதி. ஏ நல்லது, சி சுமார். சுமாரான ஒரே ஒரு கரு ஒட்டவில்லை என்பதற்காகக் கர்ப்பப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மரபணுச் சோதனையில் தேறிய கருக்களிலேயே கணிசமானவை ஒட்டாமல் போகின்றன.

உங்கள் தாளில் சறுக்கல் வேறிடத்தில் இருக்கலாம். ஏ.எம்.ஹெச். நன்றாக இருந்தும் முட்டை குறைவாக வந்திருந்தால், ஊசி அளவையும் கடைசி ஊசி போட்ட நேரத்தையும் பாருங்கள். அந்த ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையே 34 முதல் 36 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு பத்து மணி ஊசியைப் பதினொன்றரைக்குப் போட்டிருந்தாலும், ஐஸ் இல்லாத பையில் ஊசி பஸ்ஸில் வந்திருந்தாலும் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏ.எம்.ஹெச். குறைவென்றால், "டோஸைக் கூட்டுவோம்" என்ற பதிலைச் சந்தேகத்துடன் கேளுங்கள். ஒரு நாளைக்கு 300 யூனிட்டுக்கு மேல் ஏற்றினால் மருந்துக்கடை பில்தான் ஏறும். முட்டை ஏறுவது அரிது. முட்டை வந்தும் கருவே ஆகவில்லை, சாதாரண ஐ.வி.எஃப். முறையில் செய்தார்கள் என்றால் அடுத்தது இக்ஸி. இக்ஸியிலும் அதே கதி என்றால், முட்டையைக் கால்சியம் கொண்டு தூண்டும் முறை அந்த லேபில் உண்டா என்று கேட்கலாம்.

நல்ல தரமான கருக்கள் இரண்டு மூன்று முறை வைத்தும் ஒட்டவில்லை என்றால்தான் கர்ப்பப்பைப் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே அடிக்கடி கோட்டைவிடுவது டியூபில் தேங்கிய நீர். ஹைட்ரோசால்பிங்ஸ் என்பார்கள். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் ஒழுகி, வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். கரு வைக்கும் முன் லேப்ராஸ்கோப்பியில் டியூபை எடுக்கவோ அடைக்கவோ வேண்டும். டியூபை எடுத்தால் இனி இயற்கையாக நிற்காதே என்று பலர் தயங்குகிறார்கள். நீர் கோத்த டியூப் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்யவில்லை. பாலிப், உட்புறம் துருத்தும் ஃபைப்ராய்டு, உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது, 7 மி.மீ.-க்குக் குறைந்த உள்வரி (கர்ப்பப்பையின் உட்படலம்) ஆகியவற்றை ஹிஸ்டிரோஸ்கோப்பியும் (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) நல்ல ஸ்கேனும் காட்டிவிடும். கரு வைத்த அன்று, கருவைக் கொண்டுபோகும் மெல்லிய குழல் கர்ப்பப்பைக்குள் நுழையச் சிரமப்பட்டதா, முனையில் ரத்தம் இருந்ததா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். சிரமம் இருந்திருந்தால் அடுத்த முறைக்கு முன் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

காசநோய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் டியூபையும் உள்வரியையும் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று, விட்டுவிடக் கூடாது. அதே சமயம், பி.சி.ஆர். ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்றவுடன் ஆறு மாத மருந்தைக் கையில் திணிக்கும் வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. செத்த கிருமியின் டி.என்.ஏ.-வும் அதில் பாசிட்டிவ் காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், திசுப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பியில் கண்ட அடையாளம் என்று இன்னொரு சாட்சியைக் கேளுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல் ஆகும். இன்று சிகரெட், குட்கா, ஹான்ஸை விட்டால் பலன் மூன்றாம் மாதம் தெரியும். கடும் காய்ச்சலின் பாதிப்பும் அதே கணக்குத்தான். ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டுவதுபோலத் தோன்றும். உண்மையில் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இனி, விற்கப்படும் கூடுதல் சமாச்சாரங்கள். உள்வரியைச் சுரண்டிவிடும் 'ஸ்க்ராட்ச்' பற்றி 1,364 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது: சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம், துளி வித்தியாசமில்லை. கரு வைக்கச் சரியான மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. டெஸ்டை 2022-இல் வந்த ஆய்வு சோதித்தது: டெஸ்ட்படி வைத்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது 58.5 சதவீதம், வழக்கப்படி வைத்தவர்களுக்கு 61.9 சதவீதம். நோயெதிர்ப்பு அணுக்களைப் பார்க்கும் என்.கே. செல் டெஸ்ட், கொழுப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றும் இன்ட்ராலிபிட் டிரிப் இரண்டையும் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-இல் பரிந்துரைக்கவில்லை. தொடர் கருச்சிதைவு இருந்தால் ரத்தம் உறையும் கோளாறைப் பார்க்கும் ஆன்டி-பாஸ்போலிப்பிட் ரத்தப் பரிசோதனையும் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனையும் நியாயமானவை. அவை வேறு, இவை வேறு.

மருத்துவமனையை மாற்றலாமா? சறுக்கல் லேபில் என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. முட்டையின் வயதில் என்றால் கட்டடம் மாறிப் பயனில்லை. 40 வயதில் முட்டைகளில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறோடுதான் வரும். எந்த லேபும் அதைத் திருத்தாது. புதிய இடத்தில் "சக்ஸஸ் ரேட் 70 சதவீதம்" என்றால், எதற்கு எழுபது என்று கேளுங்கள்: பீட்டா பாசிட்டிவுக்கா, பிறந்த குழந்தைக்கா? உங்கள் வயதினரில், ஊசி தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் கணக்கு. 'மூன்று முறை' பேக்கேஜில் மூன்று என்பது முட்டை எடுப்பதா, கரு வைப்பதா, மருந்து சேர்ந்ததா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

டோனர் முட்டை, அதாவது வேறொரு பெண் தரும் முட்டை, என்ற பேச்சு வரும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது "தங்கச்சி முட்டை தரலாமா?" என்பது. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைகளுக்கென்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏ.ஆர்.டி. சட்டப்படி டோனர் பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். அடையாளம் வெளியே தெரியாது. முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது; வாழ்நாளில் ஒரே முறை; எடுக்கலாகும் முட்டை அதிகபட்சம் 7. இந்த ஏழைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். ஏழில் ஐந்து கருவாகி, இரண்டு பிளாஸ்டோசிஸ்ட் மிஞ்சினால் சாதாரண விளைச்சல். "டோனரில் நிறையக் கரு கிடைக்கும்" என்பது பழைய காலப் பேச்சு. விதியை மீறி நிறையத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் முட்டை எடுத்து விற்றது 2022-இல் அம்பலமானதை மறந்திருக்க மாட்டீர்கள். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்பது மேல் வயது வரம்பு.

வாடகைத்தாய் முறை முட்டைப் பிரச்சினைக்குத் தீர்வல்ல. கர்ப்பப்பை இல்லாதவர்கள், கர்ப்பம் உயிருக்கு ஆபத்தானவர்கள், தரமான கருக்கள் திரும்பத் திரும்ப ஒட்டாதவர்கள் போன்றோருக்கே அது. மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரப் பணம் கைமாறக் கூடாது.

தத்து எடுப்பதை 'கடைசி வழி' என்று ஒதுக்கி வைப்பது நடைமுறையில் பெரிய தவறு, ஏனென்றால் அங்கே வரிசை பதிவு நாளிலிருந்து ஓடுகிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான 'காரா' இணையதளத்தில் பதிந்து ஆவணங்களை ஏற்ற வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை தருவார். கைக்குழந்தைக்கான காத்திருப்பு பல ஆண்டுகள். தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-க்குள் இருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை; 90 வரை இரண்டிலிருந்து நான்கு வயது; 100 வரை நான்கிலிருந்து எட்டு. கணவருக்கு 44, மனைவிக்கு 40 என்றால் கூட்டல் 84. இன்னும் ஒரு ஐ.வி.எஃப். பார்த்துவிட்டுப் பதியலாம் என்று ஓராண்டு தள்ளினால் 86; கைக்குழந்தை வரிசை கைநழுவும். திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். குழந்தை ஒதுக்கப்பட்டால் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இறுதி ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றம் அல்ல, கலெக்டர் தருகிறார். "தெரிந்த நர்ஸ் மூலமாக ஒரு குழந்தை இருக்கு" என்பது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை கடுங்காவல். குழந்தையும் உங்களிடம் தங்காது.

நிறுத்துவதும் ஒரு முடிவுதான். அதன் எல்லையை அடுத்த முறை தொடங்கும் முன்பே, இருவருமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்: இன்னும் எத்தனை தடவை முட்டை எடுப்பது, எத்தனை ரூபாய் வரை, எந்த நகையைத் தொடக் கூடாது. நடுவில், அழுதுகொண்டிருக்கும்போது, அந்த எல்லையைப் போட முடியாது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கும் சொந்தபந்தத்துக்கு இருவரும் ஒரே பதிலைச் சொல்வது நல்லது, "சிகிச்சையை நிறுத்திட்டோம், அதைப் பத்தி இனி பேச்சில்லை அத்தை" என்றால் போதும். அந்தப் பதிலை அவரவர் வீட்டாருக்கு அவரவரே சொல்ல வேண்டும். மாமியாருக்கு மருமகள் சொல்லும் நிலைமை வரக் கூடாது.

நிறுத்திய பிறகு இரண்டு காகித வேலை மிச்சம் இருக்கும். உறைகரு இருந்தால் ஆண்டுதோறும் பராமரிப்பு பில் வரும். சட்டப்படி பத்து ஆண்டு வரைதான் வைத்திருக்க முடியும். வேண்டாம் என்றால் இருவரும் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். அடுத்தது உயில். குழந்தை இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து கணவருக்கு, கணவர் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் உயிரோடு இருந்தாலும் அவர்கள் வரிசையில் பின்னால்தான். பெற்றோர் வழி வந்த சொத்து தகப்பன் வாரிசுகளுக்குத் திரும்பும். யாருக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கு ஒரு எண்ணம் இருந்தால் எழுதி வையுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்கள் கையெழுத்தையும் வாங்கினாலே உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை.