அட்டெண்டர் வந்த முதல் வாரம்: எதைப் பார்ப்பது

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சியிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளம் அல்ல. "இவர் ஒரு நாள் வராவிட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? அவருக்கு வேலையை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். வருகிறவர் நர்ஸா, அட்டெண்டரா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது அட்டெண்டர் வேலை. ஊசி, மூக்குக் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவதெல்லாம் நர்ஸ் வேலை. "அதையும் அவங்களே பார்த்துப்பாங்க" என்று ஏஜென்சி சொன்னால் உஷாராகுங்கள்.

முதல் மூன்று நாள் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பேச்சு இனிமையாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படி மாற்றுகிறார் என்று பாருங்கள். இரண்டு பிரேக்கும் போட்டு, கால்தாங்கியை மடக்கி ஒதுக்கி, பக்கவாதம் வந்தவரென்றால் நல்ல கை இருக்கும் பக்கமாக நாற்காலியை வைக்க வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடிப்பதுதான் முறை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் செயலிழந்த பக்கத் தோள் மூட்டு விலகிவிடலாம். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும்.

படுத்தே இருப்பவருக்குப் பெரிய ஆபத்து படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து தொடங்குங்கள். மெத்தையையும் தோலையும் பொறுத்து இடைவெளியை டாக்டரோ நர்ஸோ மாற்றுவார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. தினமும் குளிப்பாட்டும்போது வாலெலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாகவோ, கல் போலவோ படும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும்.

மாத்திரையை வாரப் பெட்டியில் நிரப்புவது குடும்பத்தார் வேலை. கொடுப்பது மட்டும் அட்டெண்டருடையது. விழுங்கக் கஷ்டம் என்று எல்லாவற்றையும் இடித்துக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறும்.

எப்போது புரட்டிப் படுக்க வைத்தார், என்ன ஊட்டினார் என்று அட்டெண்டர் எழுதும் நோட்டைத் தினமும் பாருங்கள். 2 மணி, 4 மணி, 6 மணி என்று ஒரே மையில், ஒரே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. "4.20, இடது பக்கம், டயப்பர் ஈரம், கஞ்சி பாதிதான்" என்று கோணல்மாணலாக எழுதுகிறவர் அப்போதைக்கப்போது எழுதுகிறவர்; அவரை வேலையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.