மிச்சமிருந்த இரண்டு சான்றிதழ்கள்

"ரெண்டு தாள் மிச்சம் இருக்கே சார், ஒண்ணுல என் பேரை எழுதித் தரலாமா?"

பயிலரங்கின் கடைசி நாள், சான்றிதழ்கள் கொடுத்து முடித்ததும், சுண்ணாம்புப் பூச்சு சொல்லிக் கொடுக்கும் மேஸ்திரி கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் சின்னதுதான். "உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி சர்டிபிகேட்? எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறவரே நீங்கதானே."

பக்கத்தில் நின்ற மாணவர்கள் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனார்.

அந்தக் கைதட்டல்தான் இப்போது உறுத்துகிறது. முடியாது என்று நேராகச் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். நானும் ஒரு காரணம் சொல்லியிருப்பேன். அவர் அதை ஏற்றிருக்கலாம், ஏற்காமலும் போயிருக்கலாம். இப்படிப் புகழ்ந்து வாயை அடைத்துவிட்டால் ஒரு மனிதர் மறுபடி எப்படிக் கேட்பார்? ஆனால் நான் அவர் வாயை அடைப்பதற்காகப் புகழவில்லை. மனதில் இருந்ததைத்தான் சொன்னேன்.

மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டச் சொல்லிக் கொடுக்கும் எங்கள் ஒரு வாரப் பயிலரங்குகள் எப்படி நடக்கும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்க்கிடெக்சர் மாணவர்கள், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் மண் வீடு கட்ட நினைப்பவர்கள், எப்போதும் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எல்லாரும் கட்டணம் கட்டி வருவார்கள். ஒருவர் கட்டும் தொகை மேஸ்திரியின் ஒரு வாரக் கூலிக்குக் கிட்டத்தட்ட வரும். மண் மிதிக்கும் குழியில் காசு கொடுத்து மிதிப்பவரும் காசு வாங்கிக்கொண்டு மிதிப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மேஸ்திரி இதை வந்த அன்றே கவனித்துவிட்டார். "இப்படி ஒரு காலம் வரும்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா என்கிட்ட ஃபீஸ் கேட்டிருப்பாரு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

மண் பாடம் என்னுடையது. மண்ணைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்து, சரளை, மணல், வண்டல், களி என்று படிவதைக் காட்டுவேன். அழுத்திய மண்கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் இருந்தால் நல்ல மண். சிமெண்ட் சுமார் 5 சதவீதம் சேர்த்தால் போதும், சூளை வேண்டாம், நான்கு வாரம் ஈரம் காக்க வேண்டும். ஆரோவில் வழியாக இந்தப் பக்கம் பரவிய பாடம்தான் இது. இதைச் சொல்ல எனக்கு யார் துணையும் வேண்டாம்.

சுண்ணாம்புப் பூச்சு அப்படி இல்லை. அதில் எனக்குத் தெரிந்தது வேதியியல் மட்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும், தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும், சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாக இறுகும். சிமெண்ட் சூளைக்கு 1450 டிகிரி வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இதைப் படம் போட்டுச் சொல்லும்போது எல்லாரும் குறிப்பு எடுப்பார்கள். (சுண்ணாம்புச் சூளையில் எரித்த விறகின் புகையைச் சுவர் திரும்ப இழுத்துக்கொள்ளாது. அந்த வரியை நான் எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்.)

மேஸ்திரிக்குத் தெரிந்தது மற்ற எல்லாம்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நாள் விட வேண்டும், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீர் எந்த வாசனை வந்தால் தயார், எந்த வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டும். மணலில் உப்பு இருக்கிறதா என்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பது. பூசும் முன் சுவர் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பூசிய மறுநாள் முடி மாதிரி வெடிப்பு விடும்போது பதறாமல் அதைக் கட்டையால் தட்டித் தட்டி அடைப்பது. வெயில் படும் சுவருக்கு ஈரச்சாக்கு தொங்கவிடுவது. காரைக்குடிப் பக்கத்தில் அவருடைய அப்பா முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தைப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய சுவர்களைப் பற்றிச் சொல்வார். சிறு பையனாக அந்தச் சாந்தை அரைத்தது இவர்தான். அப்புறம் சிமெண்ட் வந்தது. சுண்ணாம்பு என்றால் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என்று ஆனது. இவரும் பல வருடங்கள் சிமெண்ட் பூச்சுதான் பூசினார். எங்களைப் போன்றவர்கள் தேடி வந்த பிறகுதான் கை பழையபடி சுண்ணாம்புக்குத் திரும்பியது.

மாணவர்கள் அவரிடம் எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்பார்கள். அவர் கையை விரித்துக் காட்டுவார். எங்கள் கையேட்டில் இன்றைக்கு இருக்கும் கடுக்காய், வெல்ல அளவுகள் எங்கிருந்து வந்தன என்றால், வேலை முடிந்தபின் அவர் கைப்பிடியை நான் தராசில் நிறுத்து எழுதியவை. கையேட்டின் அட்டையில் எங்கள் குழுவின் பெயர் இருக்கிறது. உள்ளே ஒரு வரியில் 'மரபுக் கொத்தனார்களின் உதவியுடன்' என்று போட்டிருக்கிறோம். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். அதற்காக அப்போது கொஞ்சம் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

சரி, ஏன் கொடுக்கவில்லை?

முதல் காரணம், அந்தத் தாளில் அச்சாகியிருந்தது. இன்னார் இந்தப் பயிலரங்கில் கலந்துகொண்டு பயிற்சி பெற்றார் என்று. வராமல் போன இரண்டு பேருக்காகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தாள்கள். அதில் மேஸ்திரியின் பெயரை எழுதினால் அவர் எங்களிடம் சுண்ணாம்பு கற்றுக்கொண்டார் என்று ஆகும். அது பொய், அதுவும் கேவலமான பொய். நாளைக்கு அதை எங்காவது மாட்டி வைத்தால், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அவருக்கு நாங்கள் தொழில் சொல்லிக் கொடுத்தோம் என்றா? இந்தக் காரணம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. இப்போது வந்து கேட்டாலும் அந்தத் தாளில் அவர் பெயரை எழுத மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அந்த நேரத்தில் இந்தக் காரணம் என் மனதில் இருந்ததா என்றால், இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, குரூப் போட்டோ எடுக்க வேண்டும், ஒரு பெண் தன் பெயரில் எழுத்துப்பிழை என்று வேறு நின்றுகொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். காரணங்கள் எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன.

இரண்டாவது காரணம், உண்மையான கைக்குத் தாள் எதற்கு என்ற நினைப்பு. எங்கள் வட்டாரத்தில் இது கிட்டத்தட்ட ஒரு மதம். பட்டம் படித்தவனுக்குத் தெரியாதது கிராமத்துக் கைக்குத் தெரியும் என்று மேடைக்கு மேடை சொல்வோம். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் இமயமலைப் பக்கத்துப் பித்தோராகரில் மலைவாழ் மக்கள் வீடு கட்டும் விதத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார் என்று சொல்வோம். எகிப்தில் ஹசன் ஃபத்தி என்ற கட்டிடக் கலைஞர் 1940களில் சாரமோ முட்டோ இல்லாமல் மண்கல்லில் வளைகூரை போடத் தெரிந்த நூபியக் கொத்தனார்களை அஸ்வானிலிருந்து அழைத்துவந்து புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார் என்று சொல்வோம். என் ஸ்லைடில் ஃபத்தியின் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. பக்கத்தில் 'நூபியக் கொத்தனார்கள்' என்று மட்டும் இருக்கிறது. இத்தனை முறை அந்த ஸ்லைடைப் போட்டிருக்கிறேன், இது கண்ணில் படவில்லை.

தாள் எதற்கு என்று சொல்கிற நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது பி.இ. சான்றிதழோடு மண் கட்டுமானப் பயிற்சிச் சான்றிதழையும் இணைத்துத்தான் அனுப்பினேன். நேர்காணலில் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவருக்குக் கொடுத்தால் அங்கே நிற்காது. அவரோடு வரும் இன்னொரு கொத்தனாருக்கும் கொடுக்க வேண்டும். பெரியாள் ஒருவர் இருக்கிறார், அவருக்கும். சித்தாள் அம்மா ஒருவர் இருக்கிறார். சுண்ணாம்பைச் சலிப்பது, கலவையின் பதம் பார்ப்பது எல்லாம் அவர்தான். மேஸ்திரி கலவையைத் தொடும் முன்பே "இன்னும் ஒரு சொம்பு" என்பார், மேஸ்திரி மறுபேச்சில்லாமல் ஊற்றுவார். அந்த அம்மா கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் ஒன்று என்றால் அப்புறம் இதற்கு ஏது முடிவு என்று நினைத்தேன். ஏன் முடிவு வேண்டும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. ஒரு தாள் அச்சடிக்க என்ன ஆகிவிடும்?

இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது. வந்தவர் போனவருக்கெல்லாம் தாள் கொடுக்கும் பயிலரங்குகளை நாங்களே கிண்டல் செய்திருக்கிறோம். இரண்டு நாள் களிமண்ணில் விளையாடிவிட்டு 'இயற்கைக் கட்டுமான வல்லுநர்' என்று போட்டுக்கொள்பவர்கள் கட்டிய சுவர்களைச் சரிசெய்யப் போனவன் நான். மண் சுவரில் சிமெண்ட் பூசி, ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். தாளுக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்றால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் கறார் வேண்டும்தான். அந்தக் கறாரில் வடிகட்டப்பட்டது, வந்தவர்களில் சுண்ணாம்பு தெரிந்த ஒரே ஆள்.

எதற்குக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. பேரனிடம் காட்டவா, நல வாரியத்தில் ஏதாவது பயன்படும் என்றா, இல்லை எல்லாரும் கையில் ஒன்று வைத்திருக்கும்போது தனக்கும் ஒன்று இருக்கட்டுமே என்றா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இத்தோடு விட்டிருப்பேன். ஆனால் பிறகு அந்த வாரம் வந்திருந்த மாணவிகளில் ஒருத்தி போன் செய்தாள். இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் வேண்டும் என்றாள். மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தேன். அவர் போனார். பார்த்தாயா, தாள் இல்லாமலே வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

சில மாதம் கழித்து அவரே பேசினார். "நம்ம பொண்ணு நல்லாக் கத்துக்கிச்சு தம்பி, கலவையைப் பார்த்தே சொல்லுது" என்றார். குரலில் நிஜமான சந்தோஷம். கூலி எப்படி என்று கேட்டேன். வழக்கமான கொத்தனார் கூலிதான் என்றார். கூடக் கேளுங்கள் என்றேன். "நான் கேட்டா நல்லாருக்காது, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவள் தயங்கித்தான் பேசினாள். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் செலவு மதிப்பீட்டில் 'பயிற்சி பெற்ற சுண்ணாம்புப் பூச்சு நிபுணர்' என்று ஒரு வரி உண்டாம், அதற்கு விலை கூடவாம். வீட்டுக்காரர் ஆதாரம் கேட்பதால் அந்த வரியில் அவள் பெயர்தான் இருக்கிறது. எங்கள் சான்றிதழின் நகலோடு. மேஸ்திரி பொதுக் கொத்து வேலைக் கணக்கில் வருகிறார். "அவருக்கும் ஏதாவது பேப்பர் இருந்தா மாத்திடலாம் சார்" என்றாள்.

அவள் மேல் கோபம் வந்தது, கொஞ்ச நேரத்தில் போயும்விட்டது. அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பயிற்றுவித்தது நாங்கள்தான், அதற்குத் தாள் இருக்கிறது.

எங்கள் குழுக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். கற்பிப்பவர் என்ற தகுதியில் மேஸ்திரிக்கு ஒரு சான்று கொடுக்கலாம் என்றேன். யார் சோதிப்பது, எந்தப் பாடத்திட்டம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசுத் திட்டத்தில் முன்னனுபவத்தைச் சோதித்துக் கொத்தனார்களுக்குச் சான்றிதழ் தருகிறார்களே, அங்கே அனுப்பலாமே என்றார் ஒருவர். எங்கள் ஊர்க்காரர்கள் அதில் வாங்கியது பொதுக் கொத்து வேலைக்குத்தான், கடுக்காய்த் தண்ணீரை முகர்ந்து மதிப்பெண் போட அங்கே ஆள் இருப்பாரா என்று கேட்டேன். அப்படியானால் நீயே சோதித்துக் கையெழுத்துப் போடு என்றார்கள். நான் அவரைச் சோதிப்பதா? எதை வைத்து? கையேட்டை வைத்தா?

கடைசியில் எல்லாருக்கும் பிடித்த ஒரு யோசனை வந்தது. அடுத்த பயிலரங்கின் நிறைவு விழாவுக்கு மேஸ்திரியைக் குடும்பத்தோடு வரவழைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு நினைவுப் பரிசும் கொடுத்துவிடலாம். அந்த யோசனை எனக்கும் முழுக்கப் பிடிக்காமல் இல்லை. அவர் மனைவி சந்தோஷப்படுவார். ஆனால் பொன்னாடையை எந்த மதிப்பீட்டோடு இணைப்பது? அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவாரே, கூலி உண்டா என்று கேட்டேன். பாராட்டு விழாவுக்கு வருகிறவருக்குக் கூலி கொடுப்பது அவரை அவமானப்படுத்துவது ஆகாதா என்று திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. விழாவுக்குத் தேதி இன்னும் குறிக்கவில்லை.