எச்பி5 பிளஸ்: எனக்குச் சரிப்பட்ட வேகமும் நேரமும்

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமின் பெட்டியில் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 400 என்று போட்டிருக்கும். ஃபிலிமைக் கழுவிப் படத்தை வெளிக்கொணரும் டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. சென்னையின் உச்சிவெயிலில் இந்தக் கணக்குப்படி எடுத்துக் கழுவிய ரோல்களில் திண்ணை நிழல் கண்ணாடி போல் காலியாகவும், வெள்ளை வேட்டி கெட்டிக் கறுப்பாகவும் நெகட்டிவில் நின்றன. பிரிண்ட் போட்டால் நிழலிலும் ஒன்றுமில்லை, வேட்டியில் மடிப்பும் இல்லை. என் கேமரா, என் மீட்டர், என் தண்ணீருக்கு எது சரி என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர். கோடையில் எங்கள் குழாயில் 30 டிகிரிக்குக் குறைந்து வருவதில்லை. அந்தச் சூட்டில் கழுவும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாகக் கழுவப்படும் அபாயம் உண்டு. 20-க்கு இறக்கிக் கடைசிவரை அங்கேயே வைத்திருப்பதும் பெரும்பாடு. அகலமான டப்பில் தண்ணீர் விட்டு, பாலிதீன் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிட்டால் 24 டிகிரி நிதானமாக நிற்கிறது. 20-இல் 11 நிமிடம் என்பது 24-இல் சுமார் 8 நிமிடம். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் கடைசியில் அலசும் தண்ணீரும் அதே டப்பில்தான் காத்திருக்கின்றன.

அடுத்தது ஃபிலிம் வேகம். இதை முடிக்காமல் நேரத்தைத் தொடக்கூடாது என்பதில் நான் கறார். நிழலில் என்ன பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர், அதாவது எடுக்கும்போது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு. கழுவும் நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலும் அசைவது வெளிச்சப் பகுதிதான். 1940 வாக்கில் அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஜோன் சிஸ்டத்தின் அடித்தளமே இதுதான்.

நிழலில் ஒரே சீரான சுவர். லென்ஸ் ஃபோகஸ் முடிவிலியில். மீட்டரை 400, 320, 250, 200 என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் மீட்டர் சொன்னதைவிட நாலு ஸ்டாப் குறைத்து ஒரு ஃபிரேம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). லென்ஸை மூடி ஒரு வெற்று ஃபிரேம். 8 நிமிடம் கழுவினேன்.

நெகட்டிவின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் என்னிடம் இல்லை. இருந்தாலும் பிரிண்டைத்தான் நம்புவேன், ஏனென்றால் என் என்லார்ஜரும் பேப்பரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. வெற்று ஃபிரேமை வைத்து, நடுத்தர கான்ட்ராஸ்ட் தரும் கிரேடு 2 பேப்பரில், பட்டைக்குப் பட்டை மூன்று மூன்று விநாடி கூட்டி ஒரு டெஸ்ட் ஸ்டிரிப். எந்தப் பட்டைக்கு மேல் கறுப்பு கூடவில்லையோ அதுதான் அடிப்படை நேரம். பேப்பரைக் காயவைத்த பிறகே பார்க்க வேண்டும். ஈரத்தில் கறுப்பு கண்ணை ஏமாற்றும். அதே நேரத்தில் மற்ற ஃபிரேம்களையும் போட்டேன். 400 முழுக்கறுப்பில் கரைந்துவிட்டது. 320-ஐ ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. 250-இல்தான் கறுப்பிலிருந்து ஒரு நூல் விலகிய சாம்பல் தெரிந்தது. ஆகவே எனக்கான வேகம் 250.

பிறகு நேரம். 250-இல் நாலு ஸ்டாப் குறைவு, மூன்று ஸ்டாப் கூடுதல் என்று மாறிமாறி ஒரு முழு ரோலை எடுத்து, வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் துண்டு போட்டு, 8, 6½, 5½ நிமிடம் எனத் தனித்தனியாகக் கழுவினேன். மூன்றிலும் நிழல் ஃபிரேம் ஏறக்குறைய ஒன்றேதான். வெளிச்ச ஃபிரேம் மட்டும் ஆளுக்கொரு நிறம்: 8 நிமிடத் துண்டு அதே அடிப்படை நேரத்தில் வெறும் பேப்பர் வெள்ளையாகவும், 5½ அழுக்குச் சாம்பலாகவும் வந்தன. 6½ நிமிடத் துண்டில், பேப்பரின் ஓர வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் தெரிகிற மெல்லிய நிறம். அதை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருப் பெரியவரை மதியம் திண்ணையோரம் உட்காரவைத்து எடுத்த படத்தில் இப்போது வேட்டியின் இஸ்திரி மடிப்பும் கரையின் நெசவும் தனித்தனியாக நிற்கின்றன. பின்னால் கதவின் குமிழ்களை எண்ணலாம். அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தேன்.

ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள் டேங்க்கை நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துவது என் வழக்கம். இதை மாற்றினால் நேரமும் மாறும். மேகம் மூடிய மழைக்கால வெளிச்சத்துக்கு 6½ போதாது, படம் தட்டையாகிவிடும். 8-க்கும் 9½-க்கும் இடையே எங்கே என்று பார்க்க அடுத்த ரோல் காத்திருக்கிறது.