அப்பாவின் மாருதியில் மஞ்சள் வயர்

அப்பாவின் 1998 மாருதி 800-இல் புது ஸ்டீரியோ மாட்டியதிலிருந்து ஒரே தொல்லை. வண்டியை அணைத்தால் வைத்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடும். திருமங்கலம் போகும்போது தினமும் கோடை பண்பலை 100.5-ஐ அவர் தேடிப் பிடிப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேனலைக் கழற்றினேன். மாட்டிக் கொடுத்தவர் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் சேர்த்திருந்தார். மேலே சுற்றிய டேப் மதுரை வெயிலுக்கு இளகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. சிவப்புக்கு அந்த இடம் சரி. மஞ்சளுக்கு எந்நேரமும் 12 வோல்ட் வேண்டும். ஸ்டீரியோவின் ஞாபகமே அதில்தான் இருக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மஞ்சளுக்குத் தனி வயர் இழுத்தேன். பேட்டரியை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், வயர் எங்காவது உரசினால் வண்டியே தீப்பிடிக்கும். இணைப்புகளுக்கு சால்டர், மேலே ஸ்லீவ். கறுப்பு எர்த் வயரை, பெயின்ட் சுரண்டிய தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் வந்த ஊளைச் சத்தமும் அதோடு நின்றது.

மறுநாள் அப்பா சாவியைத் திருப்பியதும் 100.5 தானாகப் பாடியது.

"என்னப்பா, தேடவே வேண்டாமா?" என்றார்.