மதினியின் கால் வீக்கம்

மதினிக்குக் கால் வீங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாம்பனில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகிறவர். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் வீங்காதா என்றார்கள். தைராய்டு மாத்திரை வேறு சாப்பிடுகிறார், அதனால்தான் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு ராத்திரி கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது. தைராய்டு குறைவால் தோல் தடித்து வரும் வீக்கத்தில் பொதுவாக இப்படிக் குழி நிற்காது. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டேன். "ஆமா தம்பி, சோப்புத் தண்ணி மாதிரி. அதையெல்லாம் யார்ட்ட சொல்ல?" என்றார். அந்தப் பதில் இன்னும் மனதை அறுக்கிறது.

மறுநாளே ராமநாதபுரம் கூட்டிப்போனோம். சிறுநீரில் புரதம் ஏகமாகப் போகிறது. நுரையும் வீக்கமும் அதனால்தான்.

அவருக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். சிலருக்கு அதோடு சிறுநீரக வடிகட்டியும் பாதிக்கப்படும். புரதம் ஒழுகும்போது தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் சேர்ந்து போகும், பழைய மாத்திரை அளவு பத்தாது. ஹார்மோன் ரொம்பக் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும். இந்த ஏற்றம் மட்டும் மாத்திரை அளவு சரியானதும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் அக்காமார், மதினிமார் வீட்டில் இருந்தால், கால் வீக்கமும் நுரையும் உண்டா என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள்.

மதினிக்கு வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். நான்தான் கூடப் போகிறேன்.