பேசாதன்னு சொன்னதைத்தான் எல்லாரும் பேசுறாங்க

தர்மபுரில பென்னாகரம் ரோட்டு பக்கம் நான் போற ஜிம்ல கண்ணாடிக்கு மேல ஒரு ஸ்டிக்கர், 'ஜிம்மோட முதல் ரூல், ஜிம்ம பத்தி பேசாத'ன்னு. கடைசி எழுத்து உரிஞ்சு போய் வெறும் 'பேசா'ன்னு நிக்குது. பெஞ்ச் அடிச்சிட்டு இருந்த தம்பிகிட்ட இது எங்க இருந்து வந்துச்சு தெரியுமான்னு கேட்டா "நம்ம மாஸ்டர் சொன்னதுண்ணா"ங்கறான்!

டேய் அது ஃபைட் கிளப் படத்துல வர்ற 'ஃபைட் கிளப்போட முதல் ரூல், ஃபைட் கிளப்ப பத்தி பேசாத'ங்கற டயலாக்குடா. சக் பாலனிக் 1996ல எழுதுன நாவலை டேவிட் ஃபின்ச்சர் 1999ல படமா எடுத்தாரு, தியேட்டர்ல சரியா போகல, அப்புறம் டிவிடி வந்துதான் ஆளாளுக்கு தலைல தூக்கி வெச்சு ஆடுனாங்க. கிராஸ்ஃபிட்னு ஒரு கடுமையான உடற்பயிற்சி முறை, அத செய்யறவங்கள கலாய்க்கறதுக்கு இதையே திருப்பி போட்டு, முதல் ரூலே கிராஸ்ஃபிட்ட பத்தி ஓயாம பேசறதுதான்னு ஜோக்கு வேற.

எனக்கு சிரிப்பு வர்றது வேற இடத்துல. அதே படத்துல பஸ்ல போறப்ப உள்ளாடை விளம்பரத்துல இருக்கற கட்டுமஸ்தான உடம்ப பாத்து ஹீரோவும் கூட வர்ற பிராட் பிட்டும் நக்கலடிப்பாங்க, ஜிம்ல அடைஞ்சு கெடக்கறவங்கள பாத்தா பாவமா இருக்குன்னு. அப்படி நக்கலடிச்ச பிராட் பிட்டோட வயிறுதான் இப்ப எங்க ஜிம் செவுத்துல போஸ்டர். தம்பி அத பாத்துகிட்டே இன்னொரு ரெண்டரை கிலோ பிளேட்ட மாட்டுறான், நான் கம்முனு டிரெட்மில் பக்கம் போயிட்டேன்.